ஷபீபின் கதவை யார் சாத்துவது

ஹிஜ்ரி 238, ரபீஉல் அவ்வல் 6, வெள்ளி

பதினோரு மாதம் கழித்து இன்று ஷபீபின் நபிமொழிச் சபைக்குப் போனேன். முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருந்தது. போயிருக்கவே வேண்டாம்.

பள்ளிவாசலில் மூன்றாவது தூண் அவனுடையது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அதில் சாய்ந்து உட்காருவான். மைக்கூடும் தாளுமாக வெளியூர்க்காரர்கள் சுற்றி உட்காருவார்கள். இன்று நூறு பேருக்குமேல் இருக்கும். போன ரமளானோடு ஷபீபுக்குக் குரல் போய்விட்டதாம். அதனால் மருமகன் ஹம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, மாமனார் முணுமுணுப்பதைக் கூட்டத்துக்கு உரக்கச் சொல்கிறான். அது வழக்கம்தான். பெரிய சபைகளில் அப்படி ஒருவன் இல்லாமல் முடியாது.

ஆனால் நான் இருந்தது முன்வரிசையில். காது எனக்கு இன்னும் கேட்கிறது. ஷபீப் முணுமுணுக்கவே இல்லை! ஹம்தான்தான் அவன் காதருகே குனிந்து, "மாமா, ஷைகு ஸவ்வார் உங்களுக்குச் சொன்னாரே, எள்ளெண்ணெயோட சிறப்பு பத்தி ஒரு நபிமொழி. சொன்னார்தானே?" என்கிறான். ஷபீப் தாடியைத் தடவிக்கொண்டு, "ஆமா... ஆமா" என்கிறான். உடனே ஹம்தான் நிமிர்ந்து பள்ளிவாசல் அதிர அதை முழங்குகிறான். நூறு எழுதுகோல்கள் கரகரவென்று ஓடுகின்றன.

ஷைகு ஸவ்வாரிடம் நானும் ஷபீபும் ஒரே பாயில் உட்கார்ந்து நான்கு வருடம் கேட்டோம். எள்ளெண்ணெய் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

நபி சொல்லாததை நபி சொன்னதாக. அதுவும் ஷபீபின் பெயரால். ஒரு நபிமொழியை உறுதி செய்துகொள்ள ஒரு மாதம் நடந்தே பயணம் போனவன் அவன்.

வீட்டுக்கு வந்தேன். மருமகள் பொரித்த மீன் வைத்தாள். எண்ணெய் வாடை. தட்டைத் தள்ளிவிட்டேன்.

ரபீஉல் அவ்வல் 7

விசாரித்தேன். ஹம்தானின் அண்ணன் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறானாம். தூ.

ரபீஉல் அவ்வல் 9

ஷபீபின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் குராஸான்காரர்கள் ஏழெட்டுப் பேர் முலாம்பழம் தின்று விதையைத் தரையிலேயே துப்பிக்கொண்டிருந்தார்கள். ஈ மொய்க்கிறது. ஒருவன் இன்னொருவனிடம் சொல்கிறான்: "கிழவர் வர்ற குளிரைத் தாண்ட மாட்டார்ப்பா. அதுக்குள்ள எத்தனை கிடைக்குதோ அத்தனையையும் எழுதிக்க."

மரத்தில் கடைசிக் குலை. அப்படித்தான் பார்க்கிறார்கள் அவனை.

காரணம் எனக்குத் தெரியும். ஸவ்வார் இறந்து ஐம்பத்தெட்டு வருடம் ஆகிறது. அவர் வாயிலிருந்து நேரே கேட்டவர்களில் உயிரோடு இருப்பது இரண்டே பேர், ஷபீபும் நானும். நான் நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன். சபை வைத்ததில்லை, யாருக்கும் அறிவித்ததில்லை. ஆகவே ஷபீபிடம் கேட்டால்தான் இவர்களுக்கும் நபிக்கும் இடையில் யார் யாரிடம் கேட்டார் என்ற பெயர் வரிசையில் ஓர் ஆள் குறையும். ஊருக்குப் போய்ப் பெருமை பேசலாம். அந்த ஓர் ஆளுக்காகத்தான் இந்த விதைத் துப்பல் எல்லாம்.

உமைமா, ஷபீபின் மகள், என்னை உள்ளே அழைத்துப்போனாள். ஷபீப் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"வாடா நுமைர்! உம்மா எப்படி இருக்காங்க? காய்ச்சல் விட்டுச்சா?"

என் உம்மா மவுத்தாகி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. "விட்டுருச்சுடா" என்றேன்.

வெளியே வரும்போது ஹம்தானைப் பிடித்தேன். எள்ளெண்ணெயைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"முஅல்லிம், பசங்களுக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுக்கிற மாதிரி இல்ல இது. ஸவ்வார் உங்ககிட்ட சொன்னதையெல்லாம் மாமாகிட்டயும் சொல்லியிருப்பார். மாமாகிட்ட சொன்னதையெல்லாம் உங்ககிட்ட சொல்லணும்னு என்ன இருக்கு?"

"நாலு வருஷத்துல ஒரு நாள் நான் வராம இருந்ததில்லப்பா."

"தூங்காமலும் இருந்தீங்களா?"

முற்றமே சிரித்தது. ஒருவன் வாயிலிருந்த விதை என் செருப்பின்மேல் விழுந்தது.

ரபீஉல் அவ்வல் 10

எனக்கும் ஷபீபுக்கும் அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். பஸ்ராவில் ஒரு பெரியவரைக் கேட்கப் போனோம். எண்பது வயதைத் தாண்டியவர். அவருக்கு நினைவு கலங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரியாது. மாணவர்கள் வேண்டுமென்றே கண்டதைச் சொல்லி, "இது நீங்க சொன்னதுதானே?" என்பார்கள். அவர் "ஆமாம்" என்பார். பாயைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் அவர் தன் பெயரையே தப்பாகச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பிவரும் படகில் ஷபீப் ஒரு வாய் சாப்பிடவில்லை. டைகிரிஸ் ஆற்றுத் தண்ணீரில் கையை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தான், எதையோ தொட்டுவிட்டது போல.

"அவருக்கு ஒரு சிநேகிதன்கூட இல்லையாடா, கதவைச் சாத்துறதுக்கு?" என்றான்.

பிறகு: "நுமைர், எனக்கு அப்படி ஆச்சுன்னா நீ வந்து என் கதவைச் சாத்தணும். நான் கேக்கலன்னா பிரம்பை எடுத்துட்டு வா."

"எனக்கு ஆச்சுன்னா?"

"நான் வரேன். எங்கிட்ட பிரம்பு இல்ல. செருப்பு இருக்கு."

சிரித்தோம். ஆனால் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம்.

ரபீஉல் அவ்வல் 13, வெள்ளி

இன்றும் போனேன். இன்றும் வாய் திறக்கவில்லை. ஹம்தான் மூன்று புதியவற்றைச் சொன்னான். ஷபீப் மூன்றுக்கும் ஆமாம் போட்டான்.

நான் என்ன செய்தேன்? தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான். கோழை.

ரபீஉல் அவ்வல் 16

சும்மா சந்தேகத்தின் பேரில் ஒருவனின் கதவைச் சாத்தக் கூடாது. சோதிக்க வேண்டும். அதற்கு எங்கள் கூட்டத்தில் ஒரு வழி உண்டு. ஒரு நபிமொழியை எடுத்து, அதற்கு உரிய பெயர் வரிசையைக் கழற்றிவிட்டு, வேறொன்றின் வரிசையை மாட்டிக் கேட்பது. நினைவு சரியாக இருப்பவன் உடனே தடுப்பான். பள்ளிக்கூடத்தில் நானும் இதைச் செய்ததுண்டு. ஒருவன் பலகையை இன்னொருவன் கையில் கொடுப்பேன். தன் கையெழுத்து தெரிந்த பிள்ளை "முஅல்லிம், இது என்னது இல்ல" என்று கத்தும். தெரியாதது வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும்.

ஐந்து தேர்ந்தெடுத்தேன். நான்கை மாற்றிப் போட்டேன். ஐந்தாவது, பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது பற்றியது. அதை ஸவ்வார் சொன்னபடி, அவர் பெயரோடு, ஒழுங்காகவே வைத்தேன். ஒன்றாவது நேரானதாக இருக்க வேண்டும் அல்லவா.

பெட்டியைத் திறந்து பழைய ஏட்டைப் பார்க்கலாமா என்று நினைத்தேன். தேவையில்லை. எல்லாம் மனப்பாடம்.

சிநேகிதனுக்குப் பொறி வைக்கிறேன். பஸ்ராப் பையன்கள் செய்த அதே வேலை. என் கையை எனக்கே தொடப் பிடிக்கவில்லை.

ரபீஉல் அவ்வல் 18

முடிந்தது.

காலையில் போனேன். ஹம்தான் சந்தைக்குப் போயிருந்தான். உமைமா திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளும் வாப்பாவிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். என்ன நடக்கிறது என்று முதல் கேள்வியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சல்லடை நின்றது.

ஒன்றாவது. "ஆமா."

இரண்டாவது. "ஆமா, ஆமா. நல்லா ஞாபகம் இருக்கு."

மூன்றாவது. நான்காவது. பால் குடித்த குழந்தை போலத் தலையாட்டினான். நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

ஐந்தாவதைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இல்ல."

"என்னடா இல்ல?"

"ஸவ்வார் சொன்னதில்ல இது. கூஃபாவுல மக்லத் சொன்னது. நெசவாளர் தெருவுல மழைக்கு ஒதுங்கினோமே. உன் ஏடு நனைஞ்சுபோச்சுன்னு நீ அழுதியேடா."

பொய்க்கெல்லாம் ஆமாம். உண்மை ஒன்றே ஒன்று, அதற்கு இல்லை. தலைகீழாகிவிட்டது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

வாசலில் உமைமாவிடம் சொன்னேன், வெள்ளிக்கிழமை சபையில் எழுந்து அறிவிக்கப் போகிறேன் என்று. போன ரமளானுக்குப் பிறகு ஷபீபிடம் கேட்ட எதையும் ஏற்கவேண்டாம் என்று.

"ஜனங்க முன்னாடியா சாச்சா? வாப்பா முகத்துக்கு நேரேயா?"

"இல்லன்னா அறுபது வருஷமா உன் வாப்பா சொன்ன நல்லதும் இந்தச் செக்கு எண்ணெயோட சேர்ந்து நாறிப்போகும்மா. எது முந்தி, எது பிந்தின்னு யாருக்குத் தெரியும்? பால் பானையில ஒரு எலி விழுந்தா மேலாக எடுத்துட்டுக் குடிப்பியா?"

 அவள் மெதுவாக, "அந்த அஞ்சாவது... ஏட்டைப் பார்த்தீங்களா சாச்சா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஏடு எதுக்கு?" என்று கத்திவிட்டேன். நாற்பது வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் அப்படிக் கத்தியதில்லை.

ரபீஉல் அவ்வல் 19

பெட்டியைத் திறந்தேன்.

பயணத் தொழுகை. என் கையெழுத்து, இருபது வயதுக் கையெழுத்து, கொக்கு நடந்த மாதிரி. "மக்லத் எங்களுக்குச் சொன்னார், கூஃபாவில், நெசவாளர் தெருவில்." பக்கத்தின் ஓரம் தண்ணீர் பட்டு ஊறியிருக்கிறது. மழை.

அவன் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

ஏட்டை மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். மாறவில்லை. மாறுமா என்ன?

எத்தனை வருஷமா இதை ஸவ்வார்னு நெனச்சிட்டு இருக்கேன்? எத்தனை பிள்ளைங்ககிட்ட பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன்? யாராவது எழுதி வச்சிருப்பானா? பெரிய மனுஷன் மாதிரி தராசைத் தூக்கிட்டுப் போனேனே, கையில இருந்த எடைக்கல்லே சொத்தை. அவனைக் கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தப் போறவன் நான். சீ. நான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்த நாட்குறிப்பும் ஹம்தானின் வாய் போல் ஆகிவிடும்.

மதியம் இப்படி நினைத்தேன்: ஐந்தாவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். நான்கே போதும். நான்கிற்கும் அவன் ஆமாம் போட்டது உண்மைதானே. என் தப்பைச் சொன்னால் ஹம்தான் என்ன சொல்வான்? "இந்தக் கிழவரே குழம்பினவர், இவர் சாட்சியா?" என்பான். தீர்ப்பு கெடும், எண்ணெய் ஜெயிக்கும். ஆகவே மறைப்பதே நல்லது, ஷபீபின் நன்மைக்காக.

எவ்வளவு வழுவழுப்பாக வந்தது அந்த யோசனை. ஹம்தானும் முதல் முறை இப்படித்தான் நினைத்திருப்பானோ? எண்ணெயைப் புகழ்ந்தால் யாருக்கு என்ன கெடுதி என்று.

வாயைக் கொப்பளித்தேன். மூன்று முறை. போகவில்லை.

ரபீஉல் அவ்வல் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஜும்ஆ முடிந்து சபை கூடியது. ஹம்தான் தொடங்குமுன் நான் எழுந்தேன். ஏட்டை நெஞ்சோடு பிடித்திருந்தேன். நான்கை மாற்றிப் போட்டுச் சொன்னதையும், நான்கிற்கும் ஷபீப் தலையாட்டியதையும் சொன்னேன். போன ரமளான்வரை அவனிடம் கேட்டது தங்கம், அதற்குப் பின் கேட்டதை விட்டுவிடுங்கள் என்றேன். பிறகு ஐந்தாவதையும் சொன்னேன். அதில் அவன் சரி, நான் தப்பு என்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

ஹம்தானுக்கு அது போதுமாக இருந்தது.

"கேட்டீங்களா மக்களே! தனக்கு மறதின்னு தானே ஒத்துக்கிறார். மறந்தவர் வந்து மறந்தவர்னு சாட்சி சொல்றார். முஅல்லிம், வீட்டுக்கு வழி தெரியுமா, இல்ல யாராவது கொண்டுபோய் விடணுமா?"

சிரிப்பு. ஒருவன் முழங்காலில் தட்டிச் சிரித்தான்.

"என் ஞாபகத்தை நம்புங்கன்னு நான் சொல்லலப்பா. ஏட்டை நம்புங்க. இது ஸவ்வார்கிட்டயும் மக்லத்கிட்டயும் கேட்டது முழுசும். நான் படிக்க, ஷபீப் தன் ஏட்டோட ஒப்பிட்டு, பக்கத்துக்குப் பக்கம் சரின்னு அவன் கையால வட்டம் போட்டிருக்கான். எள்ளெண்ணெய் எங்கேன்னு காட்டுங்க."

நஸஃப் ஊர்க்காரன் ஒருவன், அபூ ஸுமைத் என்று பெயர், முன்வரிசையில் எப்போதும் வாய் பேசாமல் எழுதுகிறவன். எழுந்து வந்து ஏட்டை இரண்டு கையாலும் வாங்கினான். பக்கம் பக்கமாகப் புரட்டினான். நூறு பேர் காத்திருந்தார்கள். நெடுநேரம். கடைசியில், "இதுல இல்ல" என்றான்.

"ஏட்டுல இல்லன்னா என்ன? மாமா நெஞ்சுல இருக்கு! மாமாகிட்டயே கேளுங்க!"

அபூ ஸுமைத் ஷபீபின் முன் மண்டியிட்டான். "ஷைகே, எள்ளெண்ணெய் பத்தி ஸவ்வார் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

ஹம்தான் குனிந்தான். "சொன்னார்தானே மாமா?"

ஷபீப் அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான், ஏதோ தெரியாத ஊருக்கு வந்தவன் போல. பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நுமைர்," என்றான். குரலே இல்லாத குரல். ஆனால் கேட்டது. "பிரம்பைக் கொண்டுவந்தியா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன்.

அவன் கையை நீட்டினான். தூக்கிவிட்டேன். இருவருமாக வாசலை நோக்கி நடந்தோம். நான் அவனைத் தாங்கினேனா, அவன் என்னையா என்று தெரியவில்லை. பின்னால் தாளைச் சுரண்டும் ஒலி கேட்டது. எழுதியதை அழிக்கிறார்கள்.

எல்லோரும் அல்ல. திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் தட்டிச் சிரித்தவன் தன் தாளை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

ரபீஉல் அவ்வல் 23

கதவு பூட்டியிருக்கிறது. சாவி உமைமாவின் இடுப்பில். குராஸான்காரர்கள் இரண்டு நாள் தெருவில் கிடந்துவிட்டு, திட்டிக்கொண்டே போய்விட்டார்கள்.

ரபீஉல் அவ்வல் 27, வெள்ளி

ஹம்தான் கீழத்தெருப் பள்ளிவாசலில் தனியாகச் சபை வைத்துவிட்டான். "என் மாமா ஷபீப் நல்ல நினைவோடு இருந்தபோது எனக்குச் சொன்னார்" என்று தொடங்குகிறானாம். முப்பது பேர் உட்காருகிறார்களாம். இந்த வாரம் எண்ணெயோடு புண்ணாக்கும் சேர்ந்துவிட்டதாம்.

சிரிக்கத்தான் பார்த்தேன். வரவில்லை. வாயில் மறுபடி அந்த வழுவழுப்பு.

என் வாசலிலும் நான்கு பேர். ஷபீபின் கதவு மூடிவிட்டது, ஸவ்வாரிடம் கேட்டவன் இனி நான் ஒருவன்தானே. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க முஅல்லிம், ஒரே ஒரு நபிமொழி. ரொம்ப தூரத்துல இருந்து வரோம்." சபையில் என் குழப்பத்தை என் வாயாலேயே கேட்டவர்கள் இவர்கள்! ஒருவன் முகத்திலாவது வெட்கம் இருக்கிறதா? பார்த்தேன். இல்லை. ஓர் ஆள் குறைகிறதே, அதுதான் இருந்தது.

அபூ ஸுமைதை மட்டும் உள்ளே விட்டேன். என் வாயைக் கேளாதே, ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள், "நுமைரின் ஏட்டில் கண்டேன்" என்று எழுது, "கேட்டேன்" என்று எழுதாதே என்றேன். அவன், "அப்படி எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்களே" என்றான். பிறகு எழுதுகோலை மையில் தொட்டு, "பரவாயில்ல" என்று எழுத ஆரம்பித்தான்.

ரபீஉல் ஆகிர் 2

தினமும் காலையில் ஷபீப் வீட்டுக்குப் போகிறேன். எனக்கு மட்டும் உமைமா திறக்கிறாள். முற்றத்தைக் கழுவிவிட்டாள். ஒரு விதை இல்லை.

"இன்னிக்கு வெயில் அதிகம்டா" என்றேன்.

"யார் சொன்னா உனக்கு?" என்கிறான் ஷபீப்.

"நானே பார்த்தேன்."

"நீ நம்பகமானவனா?"

"சொல்ல முடியாதுடா."

"அப்ப எழுதிக்க மாட்டேன்" என்று சிரித்தான். பற்கள் இல்லாத சிரிப்பு. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிப் பிட்டுக் கொடுத்தேன்.

கிளம்பும்போது உமைமாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். எனக்கு அப்படி ஆனால் செருப்போடு வருகிறேன் என்று சொன்னவன் இப்போது வர முடியாதே. ஆகவே அந்தச் சோதனையை எனக்கு நீ செய் என்றேன். என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யாதே என்றும் சொன்னேன்.

ரபீஉல் ஆகிர் 9

இன்று உமைமா என் ஏட்டிலிருந்து எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினாள். திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல், நிதானமாக. நல்ல வாசிப்பு. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்று முடிந்ததும், "ஸவ்வார்தானே சாச்சா?" "மக்லத்தானே சாச்சா?" என்று கேட்டாள். சரி, சரி என்றேன். ஷபீபும் சரி என்றான்.

ஆறாவது முடிந்ததும் அவள் தொடரவில்லை.

"என்னம்மா?"

"மூணாவதும் அஞ்சாவதும் மாத்திப் போட்டது சாச்சா."

ஷபீப் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்ததா, சும்மாவா, தெரியவில்லை. நான் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றவர்களைப் போகச் சொன்னேன். ஏட்டுப் பெட்டியின் சாவியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, தொழுகைப் பாயின்மேல் வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் உமைமாவிடம் கொடுத்துவிட வேண்டும். மறந்துவிடாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.